பாட்டிலும் புளியங்கொட்டையும்

"இவன்கிட்ட என்னக்கா பேசுறது? என்ன புரியப்போகுது?" அங்கன்வாடியில் இன்று ஒரு இளம் தாய் கேட்டார்.

அக்கா காலி பாட்டிலில் புளியங்கொட்டை போட்டு, மூடியை இறுக்கித் திருகிக் கொடுத்தார். "ஆட்டிட்டு நிறுத்தும்மா. அவனைப் பாரு."

நிறுத்தினார். பையன் காலை உதைத்து "ங்ஆ" என்றான். இன்னொரு தடவை வேண்டுமாம்! அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாராவாரம் போய், கையால் செய்த பொம்மைகளை வைத்துத் தாய்மார்களுக்கு விளையாட்டு சொல்லித் தந்தார்கள். இரண்டே ஆண்டுகள்தான். 20 ஆண்டுகள் கழித்து, பெரியவர்களாகிவிட்ட அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம், அந்த உதவி கிடைக்காத அதே மாதிரிக் குழந்தைகளுடையதைவிட 25 சதவீதம் அதிகம்.

நம் அக்காக்களின் நேரத்தைப் பதிவேடுகளே தின்றுவிடுகின்றன. தலைப்பிள்ளை பெற்றவர்களோடு தரையில் உட்கார அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.