ஆல்டோனா என்னைத் தேர்ந்தெடுத்த விதம்

திருச்சி துவாக்குடிப் பக்கம் வெல்டிங் வேலையில் இருக்கும் தம்பிகள் போனில் என்னைப் பிடித்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கனடா போக ஏஜென்டுக்கு எத்தனை லட்சம் கொடுத்தீர்கள்?" ஒரு பைசாவும் கொடுக்கவில்லை என்று சொன்னால் நம்புவதில்லை. ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலை வாங்கித் தருவதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது மனிடோபா மாகாணத்தில் சட்டவிரோதம். 2009 முதல் அதற்கென்றே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எனவே லட்சக் கணக்கை ஒதுக்கிவிட்டு, உண்மையில் எது கடினமாக இருந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது ஆல்டோனா. மாகாணத் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் அமெரிக்க எல்லை. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை நான்காயிரத்துச் சொச்சம். எந்தத் திசையில் பார்த்தாலும் தட்டையான நிலம், நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி, எண்ணெய் வித்துகளைப் பிழியும் ஆலை, புத்தகம் அச்சடிக்கும் பெரிய அச்சகம். ஊருக்குள் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தை எழுபத்தைந்து அடிக்கு மேல் உயரமான ஒரு சட்டத்தில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். சூரியகாந்தியால் பேர் வாங்கிய ஊர் என்பதால் அந்த ஓவியம். இப்போது வயல்களில் அதிகம் கண்ணில் படுவது மஞ்சள் பூப் பூக்கும் கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிர்தான்.

நான் வந்தது 'ஆர்என்ஐபி' எனப்பட்ட கிராமப்புற, வடபகுதிக் குடியேற்ற முன்னோடித் திட்டத்தில். பெரிய நகரங்களிலேயே குடியேறிகள் குவிந்துவிடுகிறார்கள், சிற்றூர்ப் பட்டறைகளிலும் முதியோர் இல்லங்களிலும் ஆள் இல்லை என்பதால் கனடா அரசு 2019இல் பதினொரு ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. ஆல்டோனாவும் அதைச் சுற்றியுள்ள ரைன்லேண்டும் சேர்ந்து அதில் ஒன்று. அதில் பி.ஆருக்கு, அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு, யாரைப் பரிந்துரைப்பது என்பதை முதலில் ஊர் முடிவு செய்தது. ஊர் பரிந்துரைத்தால்தான் கூட்டாட்சி அரசிடம் மனுப் போடவே முடிந்தது.

காகித வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் 1,560 மணி நேர வேலை அனுபவம் வேண்டியிருந்தது. வாரத்துக்கு முப்பது மணி என்று ஓராண்டுக்குப் போட்ட கணக்கு அது. அந்த அனுபவம் கனடாவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, துவாக்குடியில் பார்த்த வேலையே போதுமானதாக இருந்தது. ஆனால் சம்பளச் சீட்டும், என்ன வேலை செய்தேன் என்று முதலாளி விவரமாக எழுதிய கடிதமும் இருக்க வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் 'இவர் எங்களிடம் நன்றாக வேலை செய்தார்' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள், அது உதவாது. வெல்டர் வேலைக்கு ஆங்கிலத்தில், கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் 5 கேட்டார்கள். ஐஇஎல்டிஎஸ் பொதுப் பிரிவில் வாசிப்புக்கு 4, மற்ற மூன்றுக்கும் தலா 5 எடுத்தால் போதும். பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கு மதிப்பீட்டுச் சான்று, வங்கி இருப்பு, காவல்துறை நற்சான்று, மருத்துவப் பரிசோதனை எல்லாம் எங்கும் உள்ளவைதான்.

வேலை கிடைத்தது ஒரு வீடியோ நேர்காணலில். பண்ணைகளுக்கு டிரெய்லர் செய்யும் பட்டறை அது. மேற்பார்வையாளர் என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போட்ட வெல்டிங்கின் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒரு இணைப்பைக் காட்டி அதற்கு எத்தனை ஆம்பியர் வைத்தேன், எந்தத் திசையில் இழுத்தேன் என்றார். அரை மணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

கடினமாக இருந்தது அதன் பிறகு, ஊரின் சார்பில் பேசியவர்களுடனான உரையாடல். அவர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான், அதையே பல விதமாகக் கேட்டார்கள்: இங்கேயே இருப்பாயா? அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பி.ஆர். கைக்கு வந்த மறுநாளே நான் டொரோன்டோவுக்கு ரயில் ஏறினால் யாரும் தடுக்க முடியாது. கனடாவின் எந்த மாகாணத்திலும் வாழலாம், வேலை பார்க்கலாம் என்பது பி.ஆர். உள்ளவருக்கு அரசமைப்பே தரும் உரிமை. ஆகவே ஊருக்குப் பிடிமானம் எதுவும் கிடையாது. ஆளைப் பார்த்து எடை போடுவது ஒன்றுதான் வழி. ஊரில் உறவோ நட்போ உண்டா, சிற்றூர் வாழ்க்கை பழக்கமா, மனைவி என்ன செய்வார், குளிர்காலத்தில் மாலை நேரங்களை எப்படிக் கழிப்பாய் என்று கேட்டார்கள்.

ஏஜென்டுகள் சொல்லிக்கொடுக்கும் பதில்கள் இங்கேதான் கவிழ்கின்றன. 'அழகான அமைதியான ஊர், அன்பான மக்கள்' என்று ஒப்பித்தால், அதை ஏற்கெனவே ஐம்பது பேரிடம் கேட்டவர் முகத்தில் அலுப்பு தெரியும். நான் லால்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரன். பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய ஊர். அதைத்தான் சொன்னேன். இங்கே பஸ்ஸே கிடையாது, தெரியுமா என்றார்கள். தெரியும், 2018 அக்டோபர் இறுதியோடு கிரேஹவுண்ட் பஸ் நிறுவனம் மேற்குக் கனடாவை விட்டே போய்விட்டது, அதனால் வந்தவுடன் லைசென்ஸ் எடுப்பதும் பழைய கார் வாங்குவதும் எங்கள் செலவுக் கணக்கில் முதல் இரண்டு வரிகள் என்றேன். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்து ஊரான விங்க்ளரில் என்ன கடைகள், ஆல்டோனாவில் என்ன கடைகள் என்று அவளே பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள். என் பதில்களைவிட அவள் பேசியதுதான் எடுபட்டது என்பது என் கணிப்பு. குடும்பத்தில் யார் முதலில் மூட்டை கட்டச் சொல்வார்கள் என்பது சிற்றூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பரிந்துரைக் கடிதம் வந்ததும் பி.ஆர். மனுவை அனுப்பிவிட்டு, அது நடந்துகொண்டிருக்கும்போதே ஓராண்டு வேலை அனுமதி கேட்க முடிந்தது அந்தத் திட்டத்தின் நல்ல அம்சம். அந்த அனுமதி வேலை கொடுத்த முதலாளியோடு கட்டப்பட்டது. மனைவிக்கு ஒரே முதலாளியோடு கட்டப்படாத வேலை அனுமதி. அப்படித்தான் வந்து சேர்ந்தோம், பனி நன்றாக இறுகியிருந்த பருவத்தில்.

பட்டறையில் முதல் வேலையே கனடிய வெல்டிங் தேர்வு. தட்டையாக, கிடைமட்டமாக, செங்குத்தாக, தலைக்கு மேலே என்று நான்கு நிலைகளில் தகடுகளை இணைக்க வேண்டும். பிறகு அதிலிருந்து பட்டைகளை அறுத்து, தேய்த்து, அச்சில் வைத்து 'ப' வடிவத்துக்கு வளைப்பார்கள். விரிசல் விட்டால் தோல்வி. திருச்சியில் எத்தனையோ வருடம் செய்த வேலைதான். ஆனாலும் செங்குத்து மூட்டின் பட்டை வளையும்போது அந்த வெளிப்புற வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் அதைக் கையில் எடுத்து, விரல் நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்துவிட்டு, கோட் ஸ்டாண்டில் எனக்கென ஒரு கொக்கியைக் காட்டினார்.

வீட்டுக்கான சாமான்களை எம்சிசி பழம்பொருள் கடையில் வாங்கினோம். மெனோனைட் என்ற கிறித்தவப் பிரிவினர் நடத்தும் கடை. வட அமெரிக்காவெங்கும் பரவிய அந்தக் கடைகளில் முதலாவது, 1972இல் இதே ஆல்டோனாவில் சில பெண்கள் தொடங்கியது. வருமானம் உலகெங்கும் நிவாரணப் பணிகளுக்குப் போகிறது. இந்த மக்களின் முன்னோர் 1870களில் ரஷ்யப் பேரரசிலிருந்து கிளம்பி இந்த வெட்டவெளிக்கு வந்து குடியேறியவர்கள். முதியவர்கள் இன்னமும் தங்களுக்குள் பிளாட்டீட்ச் என்ற ஜெர்மன் வட்டார மொழியைப் பேசுகிறார்கள். கடையில் இருந்த பாட்டி எங்கள் கூடையைப் பார்த்துவிட்டு, இந்தப் போர்வை போதாது என்று உள்ளே போய்க் கனமான வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஞாயிறு மதியம் காப்பிக்கு அழைத்தார்கள். ஃபாஸ்பா என்று அதற்குப் பேர்: ரொட்டி, சீஸ், ஜாம், ஊறுகாய், கேக். அடுப்பு மூட்டாமல் பரிமாறும் விருந்து. மனைவிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். மைனஸ் முப்பதில் காரின் முன்பக்கம் தொங்கும் ஒயரை இரவு மின் இணைப்பில் செருகி எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் வேலைக்குப் போக முடியாது. தரையோடு தரையாகப் பனிக்காற்று வீசும் நாட்களில் நெடுஞ்சாலையையே மூடிவிடுகிறார்கள். வின்னிபெக் போய்ப் பருப்பும் புளியும் வாங்கும் திட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். வாடகை வீடுகள் மிகக் குறைவு. வேலை கிடைத்தவர்களே வீடு கிடைக்காமல் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்துபோகிறார்கள். புதியவர்களை அழைக்கும் ஊர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

நான் வந்த திட்டம் 2024 ஆகஸ்டோடு முடிந்தது. 2025 ஜனவரியில் அதன் இடத்தில் 'ஆர்சிஐபி' என்ற புதிய திட்டத்துக்கான ஊர்களை அறிவித்தார்கள். பதினான்கு ஊர்களில் ஆல்டோனா–ரைன்லேண்ட் மறுபடியும் இருக்கிறது. இப்போது ஊர் அங்கீகரித்த முதலாளிகள் மட்டுமே இந்த வழியில் ஆள் எடுக்க முடியும். எனவே தம்பிகள் முதலில் பார்க்க வேண்டியது அந்த முதலாளிகளின் பட்டியலை.

எங்களுக்கு பி.ஆர். வந்துவிட்டது. எப்போது கிளம்புகிறாய் என்று பட்டறையில் பாதி கேலியாகக் கேட்டார்கள். அடுத்தது குடியுரிமை: ஐந்தாண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும், பி.ஆருக்கு முந்தைய நாட்கள் அரை நாளாகக் கணக்கில் சேரும். ஊருக்கு வந்துபோகும் விடுமுறையை எல்லாம் கழித்து அந்தக் கணக்கை மனைவிதான் எழுதி வைக்கிறாள்.