யூசான் பால்சியை எழுதும் நாட்கள்

ஜூன் 3
சிறுவர்களுக்கான வாழ்க்கை வரலாற்று வரிசையில் அடுத்தவர் திரைப்பட இயக்குநர் யூசான் பால்சி. கரீபியக் கடலில், பிரான்சுக்கு உட்பட்ட மார்த்தினிக் தீவில் 1958-இல் பிறந்தவர். திரையில் கறுப்பர்கள் என்றாலே வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் வருவதைப் பார்த்துப் பொறுக்காமல், பத்து வயதிலேயே இயக்குநராவது என்று முடிவுசெய்துவிட்டார். அந்த வயதுப் பிள்ளைகள்தாம் என் வாசகர்கள். இங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜூன் 5
பதினான்கு வயதில் அம்மா ஒரு நாவலைக் கொடுத்திருக்கிறார். ஜோசப் ஸோபெல் எழுதியது. அதைப் படமாக்கியே தீருவது என்ற பிடிவாதத்துடன் பாரிசுக்குப் படிக்கப் போனார். அங்கே இயக்குநர் த்ரூஃபோ அவருக்கு ஊக்கம் கொடுத்தார்.

ஜூன் 9
1983-இல் வெளிவந்த அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். 1930-களின் கரும்புத் தோட்டம். பெரியவர்கள் வெட்டப் போனதும் குடிசை வரிசை முழுவதும் பிள்ளைகளின் ராஜ்ஜியம். மாலையில் கிழவர் மெதூஸ் "கிரிக்!" என்பார், சிறுவன் ஜோசே "கிராக்!" என்பான், கதையும் விடுகதையும் தொடங்கிவிடும். மற்ற பிள்ளைகள் வயலில் கூலிக்கு இறங்கினாலும், பேரனை மட்டும் கரும்புக்குள் விடமாட்டேன் என்கிறாள் பாட்டி. உதவித்தொகை போதாமல், நகரத்தில் துணி துவைத்து அவனைப் படிக்கவைக்கிறாள். பாட்டியாக நடித்த டார்லிங் லெஜித்திமூஸுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது. படத்துக்கு வெள்ளிச் சிங்கம்.

1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து நம்மவர்களும் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுக்குக் கப்பலேறினார்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடமுடியாது.

ஜூன் 14
தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் வாழும் சொவெட்டோ பற்றிய அத்தியாயம் சிறுவர்களுக்கு வேண்டாமே என்றார் பதிப்பாசிரியர். நான் ஒப்பவில்லை. 1976-இல் அங்கே ஊர்வலம் போய்ச் சுடப்பட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தாமே! பால்சி, இசைப்பதிவுக்கு வந்த கலைஞர் என்று சொல்லிக்கொண்டு நிறவெறி ஆட்சியின் கண்ணில் மண்ணைத் தூவி உள்ளே போனார், வதைபட்டவர்களிடமே கேட்டறிந்தார். 1989-இல் அந்தக் கொடுமையைச் சொல்லும் 'எ ட்ரை ஒயிட் சீசன்' படம் வந்தது. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோ ஒன்றுக்குப் படம் இயக்கிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். நடிப்பிலிருந்து ஒதுங்கியிருந்த மார்லன் பிராண்டோ, தொழிற்சங்கம் வகுத்த குறைந்தபட்சச் சம்பளத்துக்கே நடித்துக் கொடுத்தார்.

ஜூன் 20
கடைசி அத்தியாயம் முடிந்தது. 2022-இல் கௌரவ ஆஸ்கர். கறுப்பர் கதைக்கு வசூல் வராது, பெண்கள் கதைக்கும் வராது என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதை அந்த மேடையிலேயே பேசினார் பால்சி. பதிப்பாசிரியரும் இசைந்துவிட்டார், சொவெட்டோ அத்தியாயம் ஒரு வரியும் குறையாமல் அச்சுக்குப் போகிறது.