சீனியர் ஆடிட் ஆபீசரா முதல் தடவை ஆடிட் பார்ட்டி எடுத்துட்டு ஏற்காடு போன அனுபவம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சது, இப்ப தான் நேரம் கிடைச்சுது. ஏஜி (அக்கவுண்டன்ட் ஜெனரல்) ஆபீஸ்ல ஆடிட்டரா சேர்ந்து, எஸ்ஏஎஸ்ங்கிற டிபார்ட்மென்ட் பரீட்சைய மூணாவது தடவைல முடிச்சு, ஏஏஓவா (அசிஸ்டன்ட் ஆடிட் ஆபீசர்) பல வருஷம் ஊர் ஊரா சுத்தினேன். ஆடிட் ஆபீசரா ப்ரொமோஷன் வந்தப்ப சென்னைல ஆபீஸ் உள்ளயே செக்‌ஷன்ல போட்டுட்டாங்க. அதனால சீனியர் ஆனப்புறம் தான் ஒரு ஃபீல்டு பார்ட்டிய, அதாவது வெளி ஆபீசுக்குப் போய் கணக்குப் பாக்குற குழுவ, நானே எடுத்துட்டுப் போற வாய்ப்பு வந்துச்சு, அதுவும் சேலம் மாவட்டம், ஏற்காடு மலை மேல நடந்த வேலைங்க.

நிறைய பேர் உள்ளாட்சி நிதி தணிக்கைத் துறையும் நாங்களும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. அது மாநில அரசோட துறை. நாங்க சிஏஜிக்குக் (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) கீழ வர்றவங்க, அரசியல் சட்டத்துல 148ல இருந்து 151 வரைக்கும் இருக்கிற பிரிவுங்களும் 1971ல வந்த சிஏஜி சட்டமும் தான் எங்களுக்கு அடிப்படை. அந்தச் சட்டத்தோட 18ஆவது பிரிவு தான் எந்த ஃபைலயும் கேட்டு வாங்கிப் பாக்குற அதிகாரத்தக் குடுக்குது. சம்பளம் லெவல் 10, 56,100ல ஆரம்பிக்குது, அத மட்டும் கேட்டுட்டு வேலை என்னன்னு யாரும் கேக்குறதில்ல. வேலை இது தான்: ஆபீஸ் தலைவரோட முதல் நாள் மீட்டிங், யாரு எந்த ஃபைல் பாக்கணும்னு பிரிச்சுக் குடுக்குறது, ஏஏஓ எழுதுற ஒவ்வொரு மெமோவும் (தப்புன்னு பட்டத எழுதி அந்த ஆபீஸ்கிட்ட பதில் கேக்குற தாள்) நிக்குமான்னு பாத்து கையெழுத்துப் போடுறது, கடைசி நாள் எக்சிட் மீட்டிங், அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட். கையெழுத்து என்னோடதுன்னா அதுல இருக்கிற ஒவ்வொரு வரியும் என் பொறுப்பு, இது படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதில்ல, அந்த மலைல தான் தெரிஞ்சுது.

எனக்கு ஆத்தூர் பக்கம் சொந்த ஊரு. அதனால நாங்க ஆடிட் பண்ணப் போற ஆபீஸ்ல எனக்கு சொந்தக்காரங்க யாரும் இல்லன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டேன். பார்ட்டில ரெண்டு ஏஏஓ, ஒரு ஆடிட்டர். ஒரு ஏஏஓ தமிழ்நாடு, இன்னொருத்தர் எஸ்எஸ்சி (மத்திய அரசு வேலைக்கான பரீட்சை) எழுதி வட மாநிலத்துல இருந்து வந்த பையன், கணக்குல புலி, எம்-புக்க (முடிச்ச வேலையோட அளவ எழுதி வைக்கிற புத்தகம்) பத்து நிமிஷம் புரட்டினாலே எந்தப் பக்கத்துல தப்புன்னு சொல்லிடுவாரு, ஆனா கையால எழுதின தமிழ் அவருக்குப் படிக்க வராது. சேலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கினோம், ஃபைல் எல்லாம் கீழயே ஒரு ஆபீஸ்ல இருந்துச்சு, முதல் வாரம் மலை ஏறவே இல்ல.

நாலாவது நாள் அந்த வட மாநிலத் தம்பி ஒரு மெமோ எழுதிட்டு வந்தாரு. விஷயம் என்னன்னா, ஒரு குக்கிராமத்துக்கு சிமெண்ட் ரோடு, எஸ்டிமேட்ல ஜல்லி மணல் கொண்டு போற தூரத்துக்குத் தனியா காசு உண்டு, லீட்னு சொல்லுவாங்க. சேலத்துல இருந்து அடிவாரம் வழியா இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போற ரோடு தான் நேர் வழி, ஆனா அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் சுத்திப் போற வழிக்குத் தூரம் கணக்குப் போட்டுப் பணம் குடுத்திருக்காங்க. கிரைட்டீரியா (விதி என்ன), கண்டிஷன் (நடந்தது என்ன), காஸ் (ஏன்), எஃபெக்ட் (விளைவு) நாலும் சரியா வச்சு அழகா எழுதியிருந்தாரு, கூடுதலா குடுத்த தொகை வரைக்கும் போட்டாச்சு. எனக்கும் சரின்னு தான் பட்டுச்சு, ஓஐஓஎஸ்ல (எங்க ஆடிட் வேலைக்கான ஆன்லைன் சிஸ்டம்) ஏத்தி அந்த ஆபீசுக்கு அனுப்பிட்டேன்.

மறுநாள் காலைல அந்த ஆபீஸ் ஏ.இ. (அசிஸ்டன்ட் இன்ஜினியர்) வந்தாரு. வயசு கம்மி, முகமெல்லாம் வாடியிருந்துச்சு. "மேடம், அந்த ஃபைல்ல நோட் பக்கம் ஒரு தடவ பாருங்க மேடம், தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னாரு. பாத்தா, மழைல மண் சரிஞ்சு மெயின் ரோட்டுல லாரி விடாம நிறுத்தி வச்சிருந்தாங்க, அதனால குப்பனூர் வழியா கொண்டு வர அனுமதி கேட்டு தமிழ்ல கையால ஒரு பக்கம் எழுதி, மேல் அதிகாரி கையெழுத்தும் தேதியும் இருக்கு. பில்லுல இருக்கிற லோடு தேதியும் அந்த நாளுக்குள்ள தான் வருது. அந்தப் பக்கத்த படிக்க முடிஞ்சது எங்க நாலு பேர்ல மூணு பேருக்கு, நாங்க படிக்கல. தம்பி மேல தப்பே இல்ல, தமிழ் ஃபைல அவருகிட்ட குடுத்தது நான், நோட் பக்கம் பாக்காம கையெழுத்துப் போட்டதும் நான். அந்த ஏ.இ.க்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது, அத நினைச்சா இப்பவும் மனசுக்குக் கஷ்டமா தான் இருக்கு.

மெமோவ ட்ராப் பண்ணினேன், ஏன் ட்ராப் பண்றோம்னு காரணத்தையும் சிஸ்டத்துலயே எழுதி வச்சேன். அதுக்கப்புறம் தமிழ் நோட் இருக்கிற ஃபைல் எல்லாம் ரெண்டு பேர் சேர்ந்து பாக்கணும்னு பிரிச்சு விட்டேன். இன்னொண்ணும் முடிவு பண்ணேன், இனி ரோட்டப் பத்தி எழுதுறதுன்னா ரோட்டுக்குப் போயிட்டு தான் எழுதணும்.

அடுத்த வாரம் ஏ.இ., ஓவர்சியர், நாங்க ரெண்டு பேர், ஜீப்ல கிளம்பினோம். கூட்டு ஆய்வுன்னா அப்படித் தான், அவங்க ஆளும் கூட இருக்கணும், அளந்ததும் அங்கேயே ரெண்டு பக்கமும் கையெழுத்து. காபித் தோட்டம், சில்வர் ஓக் மரம், நடுவுல பனி, ஜீப் நின்ன இடத்துக்கு மேல அரை மணி நேரம் நடை. அதே சிமெண்ட் ரோடு தான். எம்-புக்ல நீளம் 240 மீட்டர். டேப் போட்டு அளந்தோம், 212. திரும்பவும் மறுமுனைல இருந்து அளந்தோம், 212 தான். சந்துல ஏதாவது திரும்பியிருக்கான்னு அந்த ஓவர்சியரயே தேடச் சொன்னேன், பத்து நிமிஷம் தேடிட்டு வந்து இல்லைங்கன்னாரு. லீட்ல தப்பு தேடிட்டிருந்த அதே ஃபைல்ல 28 மீட்டர் ரோடே இல்ல, உக்காந்த இடத்துல இருந்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது. அகலம் சரியா மூணு மீட்டர் இருந்துச்சு, அதையும் குறிச்சோம், சரியா இருக்கிறதையும் எழுதணும் இல்லையா. சிமெண்ட் கனம் டேப்புல தெரியாது, அதனால அதப் பத்தி ஒரு வார்த்தையும் எழுதல.

அளக்குறத ஒரு பாட்டி திண்ணைல உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க, அந்த மலைல காலம் காலமா இருக்கிற ஜனம். "ஏங்கண்ணு, ரோட்ட அளந்தது போதும், அந்தத் தொட்டிக்குத் தண்ணி எப்ப வருமுன்னு கேட்டுச் சொல்லு"ன்னாங்க. திரும்பிப் பாத்தா புதுசா பெயிண்ட் அடிச்ச தண்ணித் தொட்டி. குழாயத் திறந்தா காத்து தான். எங்க லிஸ்ட்ல அந்த வேலை இல்லவே இல்ல. கீழ வந்து ஃபைல வாங்கிப் பாத்தா வேலை முடிஞ்சதுன்னு சான்று இருக்கு, முழு பில்லும் குடுத்தாச்சு, மோட்டாருக்கு கரண்ட் கனெக்‌ஷன் மட்டும் வாங்கல.

எக்சிட் மீட்டிங்ல அந்த ஆபீஸ் அதிகாரி கோவப்படுவாருன்னு நினைச்சேன், படல. லீட் மெமோவ நாங்களே ட்ராப் பண்ணினத அவர் முதல்ல சொன்னாரு, அப்புறம் மத்ததப் பேசுறது சுலபமா இருந்துச்சு. 28 மீட்டர் குறைவ ஒத்துக்கிட்டாங்க. ரிப்போர்ட் ஒரு மாசத்துக்குள்ள போச்சு.

பதில் வந்தப்ப, 28 மீட்டருக்கான பணத்த கான்ட்ராக்டர் செக்யூரிட்டி டெபாசிட்ல இருந்து புடிச்சு கட்டின சலான் நகல் கூட இருந்துச்சு, ரிப்போர்ட்ல இருந்த அந்தப் பாராவ முடிச்சுடலாம்னு நோட் போட்டேன். தொட்டிக்கு, மின் இணைப்பு கேட்டு விண்ணப்பம் குடுத்திருக்கோம்னு ஒரு வரி தான் வந்துச்சு. தண்ணி வந்ததுக்கு ஆதாரம் அனுப்பச் சொல்லி திருப்பி எழுதியிருக்கேன், அந்தப் பாரா இன்னும் பெண்டிங்ல தான் இருக்கு.