ஸ்விஃப்ட் டீசலின் மைலேஜைத் தின்ற தெர்மோஸ்டாட்

ஹைவேயில் லிட்டருக்கு 21 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த ஸ்விஃப்ட் டிடிஐஎஸ் (ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட்) 17-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. இப்போது மறுபடி 20-ஐத் தாண்டுகிறது. டயர் காற்று, ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பிரேக் பிடித்தம் எல்லாம் சரியாகவே இருந்தன. கணக்கு டேங்க் ஃபுல் முறைதான்: அதே பங்க், அதே பம்ப், முதல் கட்-ஆஃபோடு நிறுத்தம். டிஸ்பிளே காட்டும் மைலேஜை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கோளாறு தெர்மோஸ்டாட்டில், அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வில். திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் சூடு ஏறாது, எச்சரிக்கை விளக்கும் எரியாமல் போகலாம், டீசல் மட்டும் சத்தமில்லாமல் கரையும். டீசல் இன்ஜின் வீணாக்கும் சூடே குறைவு. அதையும் ரேடியேட்டர் ஓயாமல் வாங்கிக்கொண்டால் ஆயில் கெட்டியாகவே ஓடும், ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) இன்னும் 'குளிர் இன்ஜின்' என்று நினைத்து அதற்கேற்ப டீசல் ஊற்றும். பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இன்னும் மோசம். போதிய சூடு இல்லாமல் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சுத்திகரிப்பு பாதியில் நிற்கும், புகைக்கரி சேரும்.

கண்டுபிடிக்கும் விதம்தான் முக்கியம். வண்டியின் கம்ப்யூட்டர் தகவலை போனில் காட்டும் ஒரு புளூடூத் ஓபிடி டாங்கிள் போதும் (2.1 என்று போட்ட மலிவு நகல்கள் பல வண்டிகளோடு பேசாது, 1.5 பதிப்பு தேடி வாங்குங்கள்). முதலில் கூலன்ட் வெப்பநிலையை அளக்கும் சென்சாரைச் சோதிக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் ஆன். கூலன்ட் வெப்பநிலையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பத்து டிகிரி வித்தியாசம் என்றால் தெர்மோஸ்டாட்டைத் தொடாதீர்கள், சென்சாரைப் பாருங்கள்.

சென்சார் சரி என்றால் ஓட்டிப் பார்க்கலாம். கூலன்ட் வெப்பநிலை டிராஃபிக்கில் 85 டிகிரி வரை ஏறி, பைபாஸில் 80 கி.மீ. வேகம் பிடித்ததும் 65-க்குச் சரிந்தால் வால்வு மூடவில்லை. நல்ல வால்வு என்றால் வேகம் எதுவானாலும் 85-90-ஐ ஒட்டியே நிற்கும். டாங்கிள் இல்லாதவர்கள் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் சூடாகும் முன்பே ஹோஸ் மெல்ல வெதுவெதுப்பானால் அதே கதை. கை ஃபேன் பக்கம் போகக் கூடாது.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, சமையல் தெர்மாமீட்டரோடு பார்த்தாயிற்று. அறை வெப்பநிலையிலேயே வால்வின் வாயில் நகம் நுழையும் இடைவெளி. ஓரத்தில் வெள்ளைப் படிவு: யாரோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். புதிதையும் மாட்டும் முன் அதே சட்டியில் போடுங்கள். 88 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, ஆறியதும் முழுக்க மூட வேண்டும். பெட்டிக்குள்ளேயே பழுதானவையும் வருகின்றன. இந்த இன்ஜினுக்கு ஹவுசிங்கோடு சேர்ந்த செட்தான் வாங்க வேண்டும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும் இந்த பாகத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் ஜி.பி. ரோட்டில் தேடலாம். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவும் பம்பரும் வாங்கலாம், தெர்மோஸ்டாட் வேண்டாம்.

"நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குங்க, கழட்டிப் போட்டுருவோம்" என்று சொல்லும் மெக்கானிக்குகளால்தான் பாதி வண்டிகள் மைலேஜ் இல்லாமல் ஓடுகின்றன. வெளியே 40 டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு வேண்டியது 90.

மாட்டும்போது பழைய கேஸ்கெட் துணுக்குகளை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். அலுமினியத்தில் ஸ்க்ரூடிரைவர் கீறல் விழுந்தால் அங்கேதான் ஒழுகும். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஹீட்டரில் சூடும் குளிருமாக மாறி மாறிக் காற்று வந்தால் உள்ளே இன்னும் குமிழி இருக்கிறது.

மைலேஜில் விட்ட மீதி ஒரு கிலோமீட்டருக்கு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மேல்தான் சந்தேகம். மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் நான்கு ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு பாட்டிலில் விட்டு, ஐடிலில் எது அதிகம் நிரம்புகிறது என்று அளக்க வேண்டும். ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) சுத்தம் அதற்கப்புறம். ஆனால் ரிசர்வாயரில் கூலன்ட் மட்டம் விரல் அளவு இறங்கியிருக்கிறது. மிச்சக் காற்று வெளியேறியதா, புது கேஸ்கெட் கசிகிறதா என்று தெரியும்வரை இன்ஜெக்டர் பக்கம் போவதாக இல்லை.