வானத்தில் போகிற தாய்வீடு

ஜனவரி 2, வியாழன்

கசகசா. காலையிலிருந்து மண்டைக்குள் இதே வார்த்தைதான். அக்கா பிரசவத்துக்காக நாங்கள் கிளம்புகிற அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை, ஒரு பொட்டலம் கையில் சிக்கினாலும் வம்பு. அத்தான் மூன்று முறை போனில் சொல்லிவிட்டார். அம்மா தலையை ஆட்டினாள். சாயங்காலம் கறிமசாலாப் பொடி டப்பாவை மூடும்போது சும்மா கேட்டேன், "இதுல என்னென்ன போட்ட?" மல்லி, மிளகாய், சோம்பு, பட்டை, "ஒரு ஸ்பூன் கசகசா."

அரைத்த பொடியில் யாருக்குத் தெரியப்போகிறது என்கிறாள். முக்கால் கிலோ. அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. இப்போது லேகியத்தின் மேல் சந்தேகம். சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம், நல்லெண்ணெய், அவ்வளவுதான் என்று சத்தியம் செய்கிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 4, சனி

அக்கா போன்: "பாப்பா இன்னைக்கு அசையவே மாட்டேங்குது." பத்து நிமிடம் கழித்து: "அசைஞ்சிடுச்சு, நீங்க தூங்குங்க." யார் தூங்குவது.

ஜனவரி 6, திங்கள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா அடம். அக்காவுக்கோ லீவு கிடைத்தபோது விமானத்தில் ஏற்றிக்கொள்ளும் மாதம் தாண்டிவிட்டது. சரி, தாய்வீடே கிளம்புகிறது. ஆளுக்கு 30 கிலோ.

கொப்பரையை அப்பாவே எடுத்து வெளியே வைத்தார். எண்ணெய்ப் பசை உள்ள பொருள், தீப்பிடிக்குமாம், பெட்டியில் போட விடமாட்டார்கள். அவருடைய கால் எரிச்சல் மாத்திரைக்கும் (பிரிகாபலின்) அங்கே முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மருந்துச் சீட்டை ஏற்றி விண்ணப்பித்தோம், நேற்று அனுமதி வந்தது. அரசாங்க முத்திரையோடு ஒரு கால் எரிச்சல்.

பெட்டிக்குக் கயிறு கட்டுவதில் அப்பாவை யாரும் மிஞ்ச முடியாது. பதினேழு வருட வளைகுடாப் பழக்கம். கட்டி முடித்து, மார்க்கரால் பெயர் எழுதி, கீழே அக்கா இருக்கிற ஊர் அல் ஐன் என்று எழுதி, அதற்கும் கீழே ஒரு தபால் பெட்டி எண். அக்கா வீட்டு முகவரி அது இல்லை. சின்ன வயதில் நான் கடித உறையில் எழுதிய எண். அவர் கை தானாக எழுதியிருக்கிறது. அப்பாவும் பார்த்தார், அதை அடித்து அழிக்கவில்லை.

ஜனவரி 9, வியாழன், இரவு

நாளை வைகுண்ட ஏகாதசி. உலகமே ஸ்ரீரங்கத்துக்குள் நுழைகிறது, நாங்கள் திருச்சியை விட்டு வெளியேறுகிறோம். அம்மா வேன் முழுக்க இதையே புலம்பினாள். தேதி பார்த்து டிக்கெட் போட்டது நான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

விமான நிலையத்தின் புது முனையம் கோயில் மாதிரி வண்ணம் பூசிக்கொண்டு நிற்கிறது. அப்பா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாசலில் ஒரு குடும்பம், கிளம்புகிற பையன், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினார். அந்தச் சட்டையைப் பிடித்த குழந்தை நானாக இருந்திருக்கிறேன். அக்கா பிடிக்கமாட்டாள், தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

ஜனவரி 10, வெள்ளி

மூன்று பேருக்கும் மூன்று வரிசையில் இடம். ஜன்னலோரம் அப்பாவுக்கு வந்தது, அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். நடு இருக்கையில் முழங்காலைக் குறுக்கி உட்கார்ந்து நாலு மணி நேரம் கண்ணை மூடவே இல்லை. பின்னாலிருந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நம்ம மணி ஐந்தேகாலுக்கு அம்மா கும்பிட்டாள். சொர்க்கவாசல் திறக்கிற நேரமாம். கீழே அரபிக்கடலாக இருக்க வேண்டும், ஒரே இருட்டு. அவள் கடிகாரத்தை மாற்ற மறுக்கிறாள். ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

துபாயில் இறங்கி, சுங்கத்தில் பெட்டி ஸ்கேன். லேகியப் பாட்டிலைத்தான் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அம்மா தமிழிலேயே, "பிள்ளை பெத்தவளுக்குங்க" என்றாள். அப்பா முன்னால் வந்து, "தவா" (மருந்து) என்று தொடங்கி அரபியில் ஏதோ சொன்னார். அந்த அதிகாரி சிரித்துவிட்டார். அப்பா அரபி பேசி நான் கேட்டதே இல்லை. குரல் வேறாக இருந்தது. இளசாக.

ஜனவரி 11, சனி

நேற்று எழுத முடியாமல் போனது: பாதை. துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரம். முதலில் வெளிர் மணல். அல் ஐன் நெருங்க நெருங்க செங்கல் பொடி மாதிரி சிவக்கிறது. ஒட்டகம் சாலையில் ஏறாமல் இருக்க இரண்டு பக்கமும் வேலி. வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அம்மா விறுவிறுவென்று இறங்கி ஒரு மரத்தடிக்குப் போனாள். அத்தான் பதறிவிட்டார்.

"இது வன்னி மரம்டி."

அம்மா பிறந்தது விருத்தாசலம். அங்கே பெரிய கோயிலில் தலமரம் வன்னிதான். இங்கே அதற்கு காஃப் என்று பெயராம், அமீரகத்தின் தேசிய மரம். மணலுக்கு அடியில் எத்தனையோ ஆழம் வேரை இறக்கி உயிர் பிடித்து நிற்குமாம். அம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம். உதிர்ந்து கிடந்த இலைக்கொத்து ஒன்றை எடுத்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். நேற்று முழுக்க இருந்த ஏகாதசிப் புலம்பல் அதோடு நின்றது.

ஜனவரி 12, ஞாயிறு

அக்கா லேகியம் சாப்பிடமாட்டாளாம். டாக்டரைக் கேட்கணுமாம். இதற்காகவா நான் நாலு ராத்திரி தூங்காமல் கிடந்தேன்? கால் வீங்கியிருக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

புகை அலாரத்துக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்துப் பொங்கல். குக்கர் பாத்திரத்தில் பொங்கியது. குலவையைக் கால்வாசிக் குரலில் போட்டோம். அக்கா சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றோம். ஒன்றுமில்லை.

ஜனவரி 16, வியாழன்

அப்பாவோடு சோலைக்குப் போனேன். ஊர் நடுவே மண்சுவர், சந்து, இரண்டு பக்கமும் பேரீச்சை. ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மரங்களாம். உள்ளே நுழைந்ததும் வெயில் போய்விடுகிறது. தண்ணீர் வருவது ஃபலஜ் வாய்க்காலில். மலையடி ஊற்றுநீரை நிலத்துக்கு அடியில் சரிவாகக் கொண்டுவந்து முறை வைத்துப் பாய்ச்சுவது. முறைத்தண்ணி என்றதும் அப்பா தலையாட்டினார், நம்ம ஊர் வாய்க்கால் சண்டை ஞாபகம் வந்திருக்கும்.

அப்பாவுக்கு வேலை இங்கே இல்லை, வெளியே சாலையோர மரங்களில். 1991-லிருந்து 2008 வரை. இப்போது கோடையில் மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அவர் போன புதிதில் இல்லை. இதையும் அத்தான்தான் சொன்னார். அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: அப்போது ஓமன் எல்லையில் வேலி கிடையாது, வெள்ளிக்கிழமை சைக்கிளில் புரைமிக்குப் போய் மீன் வாங்கி வருவார்களாம். என்ன மீன் என்றேன். "நெய்மீன்." அவ்வளவுதான்.

திரும்பும்போது சாலை நடுத்திட்டில் வரிசையாகப் பேரீச்சை. அப்பா நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, அடியில் ஓடுகிற சொட்டுநீர்க் குழாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார். சர்க்கரையால்தான் கால் எரிகிறது என்று டாக்டர் சொல்கிறார். சரி.

ஜனவரி 18, சனி

கைப்பையின் ஜிப்புக்குள் ஒரு விதை. கசகசாவா, சப்ஜாவா? கருப்பாகத்தான் இருக்கிறது. தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வழுவழுவென்று ஊதியது. சப்ஜா.

ஜனவரி 19, ஞாயிறு

அக்கா நடுராத்திரியில் சமையலறை விளக்கைப் போட்டு நின்றுகொண்டிருந்தாள். கையில் லேகியப் பாட்டில். முகர்ந்து பார்த்தேன் என்றாள், சாப்பிடவில்லையாம். பிறகு, சின்ன வயதில் விமான நிலையத்தில் அப்பா கிளம்பும்போது தூணுக்குப் பின்னால் எதற்கு நிற்பேன் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சொல்ல வாயெடுத்தவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பொய்வலி என்று போய்ப் படுத்துவிட்டாள்.

ஜனவரி 20, திங்கள், விடியற்காலை 3.40

வெளியே பனிமூட்டம், எதிர்க் கட்டிடம் தெரியவில்லை. அத்தான் கார் சாவியைத் தேடுகிறார். அம்மா கடிகாரம் 5.10 காட்டுகிறது. அப்பா எப்போதோ செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அக்கா அவர் சட்டையைப் பிடித்திருக்கிறாள்.