புல் வாய்க்கால், இரண்டாம் முறை: டியூப் மட்டத்துக்குள் ஒரு குமிழி

புதன்கிழமை இரவு மழைமானியில் 34 மில்லிமீட்டர். விடிவதற்குள் டார்ச் விளக்கோடு தோட்டத்துக்கு ஓடினேன். களத்து அழுக்குத் தண்ணீரைப் புல்லுக்குள் மெல்ல ஓடவிட்டு வடிகட்ட நான் வெட்டிய வாய்க்காலின் அடி முழுவதும் மூன்று விரல் ஆழத்துக்குப் பாய் விரித்தாற்போல் தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்திலும் அரிப்பு இல்லை. ஜூன் மாதத்திலிருந்து இதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன்.

ஜூனில் வெட்டியது இரண்டாவது மழையிலேயே கெட்டது. தண்ணீர் இடது ஓரமாக ஒதுங்கி, ஒரு சாண் அகலத்துக்குத் தனி ஓடை அறுத்துவிட்டது. அருகம்புல் வேரோடு பெயர்ந்தது. டிராக்டர் நிற்கும் களத்தின் டீசல் பிசுக்கும் செம்மண்ணும் பழையபடி கிணற்றடிக்கே வந்து சேர்ந்தன. அன்று வந்த ஆத்திரம் அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

கணக்கில் பிழை இல்லை. களமும் கொட்டகைக் கூரையும் சேர்ந்து 1,200 சதுர மீட்டர். மணிக்கு 30 மி.மீ. மழையில் எண்பது விழுக்காடு ஓடிவந்தால் நொடிக்கு 8 லிட்டர். அடி அகலம் 60 செ.மீ., பக்கச் சரிவு ஒன்றுக்கு மூன்று, நீளவாட்டில் நூற்றுக்கு ஒன்று. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் புல்லின் தடைக்கு 0.2 போட்டால், 10 செ.மீ. ஆழத்தில் நொடிக்கு 9 செ.மீ. வேகம். மண் படிய ஒன்பது நிமிடம் புல்லுக்குள் ஓட வேண்டுமென்றால் 48 மீட்டர் வேண்டும். நேராக இருந்ததோ 30. மாமரங்களைச் சுற்றி வளைத்து மீதியை எடுத்தேன்.

தவறு மட்டத்தில் இருந்தது. நான் மட்டம் பார்ப்பது தண்ணீர் நிரப்பிய தெளிவான டியூபால்; இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். இடது ஓர முளைகளை ஒரு நாளும் வலது ஓர முளைகளை மறுநாளும் அடித்தேன். இடையில் டியூபுக்குள் கடுகளவு காற்று புகுந்து, மடிந்து கிடந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாதி நீளத்துக்கு இடப்பக்கம் 2 செ.மீ. தாழ்ந்துபோயிற்று. பெருமழைக்கு 2 செ.மீ. பெரிதல்ல. சிறுமழையில் தண்ணீரின் ஆழமே அவ்வளவுதான். அத்தனையும் ஒரே பக்கம் ஓடும். அறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த மேஸ்திரி டியூபைக் கையில் வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்ததும் சொன்னார்: "தம்பி, இரண்டு முனையையும் முதலில் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். அங்கேயே ஒத்துவராத டியூப் முப்பதடி தள்ளி எப்படி ஒத்துவரும்?"

இப்போது அந்தச் சோதனை இல்லாமல் வேலையைத் தொடங்குவதில்லை. குழாயடியில் பிடித்து நிரப்புவதையும் விட்டுவிட்டேன். வாளியை உயரத்தில் வைத்து, வாயால் உறிஞ்சி இறக்கினால் குமிழி குறைவு. இரண்டு சொட்டு நீலம் கலந்தால் கோடு தெளிவாகத் தெரிகிறது. வெயில் ஏறிய பிறகு அளப்பதும் கூடாது: டியூபின் ஒரு பாதி நிழலிலும் மறுபாதி சுடுமணலிலும் கிடந்தால், சூடான பக்கத்துத் தண்ணீர் லேசாகிச் சற்று உயர்ந்து நிற்கும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுகிறேன். மூன்று மீட்டருக்கு ஒரு முளை, முளைக்கு 3 செ.மீ. இறக்கம். குறுக்கே மட்டும் டியூபை நம்பாமல், 60 செ.மீ. சட்டமும் ரசமட்டமும் வைத்து அரை மீட்டருக்கு ஒருமுறை பார்த்தேன். 48 மீட்டருக்கும் முழங்காலிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

வாய்க்காலின் தலைப்பில் கிரானைட் துண்டு ஒன்றைத் துளிச் சரிவும் இல்லாமல் பதித்திருக்கிறேன். களத்துத் தண்ணீர் அதன் விளிம்பில் ஒரே சீராக வழிந்து இறங்குகிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள பட்டறைகளில் கழிவுத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஆட்டோக் கூலிதான் செலவு. வாங்கியதும் நன்றாகக் கழுவுங்கள், ஒட்டியிருக்கும் அறுவைக் குழம்பு மண் துளைகளை அடைத்துவிடும்.

வெட்டிவேர் நாற்று அனுப்பிய நர்சரியின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. இருநூறில் பாதி வந்தபோதே காய்ந்திருந்தது. பணத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்த முறை நேரில் போய், வேரைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். அருகம்புல்லை இம்முறை விதைக்காமல், ஏரிக்கரையில் மண்ணோடு பெயர்த்த பத்தைகளைப் பதித்து மேலே சணல் சாக்கு விரித்தேன். பிடித்துக்கொண்டது.

வாய்க்கால் தண்ணீர் வந்து தேங்கப்போகும் குட்டைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. 25 மி.மீ. மழைக்கு 24,000 லிட்டர் வரும்; அதில் பத்தில் ஒரு பங்கு முன்னால் தனி வண்டல் குழி. வண்டலை வருடா வருடம் மண்வெட்டியால் அள்ள அதுதான் வசதி. ஓரத்துக்குக் கோரை, கொசுவுக்குக் கப்பி மீன். மிகுதித் தண்ணீர் வழியும் கலிங்கைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலின்போது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு நாளைக்கு எந்தக் குட்டையும் போதாது. கரை உடையாமல் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். என் கோட்டில் கலிங்கின் அகலம் ஒரு மீட்டர். மேஸ்திரி இரண்டு கேட்கிறார். இன்று மாலை முளையடித்துப் பார்க்கிறோம்.

புதன்கிழமை தலைப்பிலும் கடைசியிலும் பிடித்த தண்ணீர் இரண்டு பாட்டில்களில் ஜன்னலில் இருக்கிறது. முதல் பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை செம்மண் படிந்திருக்கிறது. இரண்டாவதின் அடியில் மெல்லிய படலம் மட்டுமே.