தட்டை அடியை விட்டு 'வி' அடிக்கு மாறினேன்

போன கோடை முழுவதும் கனடாவில் ஒன்ராறியோவின் ஸ்கூகொக் ஏரியில் 12 அடி ஜோன் போட்டில்தான் மீன் பிடித்தேன். அந்த வள்ளத்தின் அடிப்பக்கம் முழுத்தட்டை, அணியம், அதாவது முன்முனை, சதுரமாக மழுங்கியிருக்கும். ஸ்கூகொக்கின் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. முழங்கால் தண்ணியில் பாசிக்கு மேலால் வழுக்கிக்கொண்டு போகும். எழும்பி நின்று தூண்டில் எறிந்தாலும் பெரிதாக ஆடாது. யாழ்ப்பாண நீரேரியில் மரக்கோல் ஊன்றி வள்ளம் தாங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் இந்த ஜோன் போட் மனதுக்கு நெருக்கமாக இருந்தது.

ஆவணியில் அதையே சிம்கோ ஏரிக்குக் கொண்டுபோனேன். அது 722 சதுர கிலோமீற்றர் வெட்டவெளித் தண்ணி. மத்தியானம் மேல்காற்று எழும்பியது. இரண்டடி அலைதான், ஆனால் தட்டை அடிக்கு அலையை வெட்டத் தெரியாது, ஏறி விழும். ஒவ்வொரு விழுகையிலும் தகரத்தில் சுத்தியல் அடித்ததுபோல சத்தம், முதுகெலும்பு வரை இடி. மழுங்கிய அணியத்துக்கு மேலால் தண்ணி உள்ளே வந்தது. அத்தான் வாளியால் அள்ள அள்ள, நான் மோட்டரைக் குறைத்துக் கரையோரமாக வந்து சேர்ந்தேன். லைஃப் ஜாக்கெட் இரண்டு பேரும் போட்டிருந்தோம். அன்றைக்கே அந்த வள்ளத்தை விற்க முடிவெடுத்தேன்.

பிறகு பழைய வள்ளங்களாகத் தேடினேன். விற்பவர்கள் எல்லோரும் 'வி' அடி, அதாவது ஆங்கில V போல நடுவில் கூராக இறங்கும் அடி, என்றே சொல்வார்கள், ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு 'வி' என்பதுதான் கேள்வி. மட்டம் பார்க்கும் செயலியோடு கைபேசியை அடித்தகட்டில் ஒட்டி வைத்துச் சரிவை அளந்தேன். கடைசியில் வாங்கிய 14 அடி வள்ளத்தில் அணியத்தருகே 30 பாகைக்கு மேல், நடுவில் 12, பின்பக்கம் 5. இதுதான் எனக்குத் தேவைப்பட்டது. முன்பக்கம் அலையை வெட்டும். பின்பக்கம் தட்டையாக இருப்பதால் சின்ன மோட்டருக்கே தண்ணிக்கு மேல் எழும்பும். பின்பக்கமும் ஆழமான 'வி' என்றால் அலையில் இன்னும் சுகம்தான், ஆனால் அதற்குப் பாரமும் பெரிய மோட்டரும் வேணும். என் 9.9 குதிரைவலு மோட்டருக்கு அது சரிவராது.

வள்ளம் அலுமினியத் தகடுகளை ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்தது. கசிவு பார்க்க, ட்ரெய்லரில் வைத்தபடியே உள்ளே நாலு அங்குலம் தண்ணி விட்டோம். அத்தான் கீழே படுத்திருந்து, "இஞ்ச ஒண்டு கசியுது தம்பி… இதிலயும் ஒண்டு" என்று சொல்லச் சொல்ல, சோக்கால் வட்டம் போட்டார். பதினொரு வட்டம், அநேகமாக எல்லாம் நடு ஏராவை (அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகை) ஒட்டி. காயவிட்டு, ஒருவர் வெளியே கனத்த இரும்பை அண்டக்கொடுக்க, மற்றவர் உள்ளிருந்து அடித்து இறுக்கினோம். மேலே சீலன்ட். அடுத்த நாள் இரண்டு மட்டும் கசிந்தன. அவற்றைக் கழற்றிப் புது ரிவெட் போட்டாயிற்று.

இந்த வைகாசியில் சிம்கோவில் முதல் ஓட்டம். ஏறிக் காலை ஓரத்தில் வைத்ததும் பக்கமாகச் சாய்ந்தது. ஜோன் போட்டின் அசையாத நிலை இதில் இல்லை. கொஞ்சம் சாய்ந்ததும் பிடித்துக்கொண்டு நிற்கும், பழக இரண்டு நாள் எடுத்தது. இரண்டு பேரோடு ஜிபிஎஸ்ஸில் 27 கிலோமீற்றர் வேகம். அதே மேல்காற்று, அதே அலை. முகத்தில் சாரல் அடித்தது, முதுகில் இடி இல்லை.

அடுத்தது வள்ளத்துக்குள் கால் வைக்கும் தளம். பிளைவுட் வாங்கியாயிற்று, செம்பு மருந்து ஏற்றாத சாதாரணப் பலகை. மருந்து ஏற்றிய பலகை ஈரத்தில் அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்தால் தகட்டை அரித்துவிடும். எப்பொக்சி பூசிக் காயவைத்திருக்கிறேன். சனிக்கிழமை பொருத்தப் போகிறோம்.